கோர் ஸ்விட்ச் ரீபூட் ஆனதும் எச்ஏ எல்லா விஎம்மையும் அணைத்துவிட்டது, எந்த செட்டிங் தப்பு?

நைட்ஷிப்ட்:
வணக்கம். எங்களிடம் மூன்று இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் (விஎம்களை ஓட்டும் சர்வர்), விஎம்வேரின் வீஸ்பியர் 7, ஒரு ஐஸ்கஸி ஸ்டோரேஜ் (நெட்வொர்க் வழியாகப் போகும் டிஸ்க்), 40 சொச்சம் விஎம் (விர்ச்சுவல் மெஷின்). ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதன் விஎம்களை வேறு ஹோஸ்டில் எழுப்பும் எச்ஏவும் (ஹை அவைலபிலிட்டி) ஓடுகிறது. மேனேஜ்மென்ட், ஐஸ்கஸி எல்லாமே ஒரே கோர் ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது (தெரியும், திட்டாதீர்கள், பட்ஜெட்). ஞாயிறு ராத்திரி நெட்வொர்க் டீம் அந்த ஸ்விட்ச்சுக்கு ஃபர்ம்வேர் போட்டார்கள். "ரெண்டு நிமிஷம்தான்" என்றார்கள், எட்டு நிமிடம் ஆனது. திரும்பி வந்து பார்த்தால் எல்லா விஎம்மும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கிறது, வீசென்டர் (எல்லாவற்றையும் நிர்வகிக்கும் சர்வர்) உட்பட.

ஹோஸ்ட் ஐசொலேஷனுக்கு (ஹோஸ்ட் நெட்வொர்க்கில் தனிமைப்பட்டால்) "ஷட் டவுன் அண்ட் ரீஸ்டார்ட்", ஏபிடிக்கு (ஆல் பாத்ஸ் டவுன், ஸ்டோரேஜ் பாதை முழுக்கப் போனால்) "கன்சர்வேட்டிவ்" வைத்திருந்தேன். கன்சர்வேட்டிவ் என்றால் வேறு ஹோஸ்டில் எழுப்ப முடியும் என்று தெரிந்தால்தானே அணைக்க வேண்டும்? அப்புறம் ஏன் அணைத்தது? ஷட் டவுன் என்று கொடுத்தும் விண்டோஸ் சர்வர்கள் எல்லாம் எதிர்பாராமல் அணைந்ததாக ஏன் புலம்புகின்றன? டேட்டாபேஸுக்கு ஹை பிரையாரிட்டி கொடுத்தும் அப்ளிகேஷன் சர்வர்கள் அது தயாராகும் முன்பே எழுந்து எரர் கக்கின. வீசென்டரே படுத்திருந்தபோது இதையெல்லாம் எழுப்பியது யார் என்பதும் புரியவில்லை.

பழையஅட்மின்:
கடைசிக் கேள்வி சுலபம். எச்ஏவை அமைக்கத்தான் வீசென்டர் வேண்டும், நடத்த வேண்டாம். ஒவ்வொரு ஹோஸ்டிலும் எச்ஏவை நடத்தும் எஃப்டிஎம் ஏஜென்ட் ஓடுகிறது, அவை தங்களுக்குள் ஒரு பிரைமரியை (தலைமை ஹோஸ்ட்) தேர்ந்தெடுத்து வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் விஎம்களை அணைத்தது ஏபிடி இல்லை, ஐசொலேஷன். நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டோரேஜ் பாதை முழுக்கப் போனதும் ஏபிடி டைமர் 140 வினாடி ஓடும், அதற்கு மேல் எச்ஏ இயல்பாக 3 நிமிடம் காத்திருக்கும், ஆக 320 வினாடிக்கு அப்புறம்தான் அது எதையாவது யோசிக்கும். ஐசொலேஷன் அப்படியில்லை. மற்ற ஹோஸ்ட்களின் சத்தமே கேட்கவில்லை, ஐசொலேஷன் அட்ரஸுக்கும் (நெட்வொர்க் இருக்கிறதா என்று ஹோஸ்ட் சோதிக்கும் ஐபி) பிங் போகவில்லை என்றால், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஹோஸ்ட் தன்னைத் தனிமைப்பட்டதாக முடிவு செய்து நீங்கள் சொன்ன வேலையைச் செய்துவிடும். நீங்கள் எதுவும் மாற்றியிருக்காவிட்டால் அந்த அட்ரஸ் மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கின் கேட்வேதான், அதுவும் அதே ஸ்விட்ச்சில்தானே இருக்கிறது. மூன்று ஹோஸ்டும் ஒரே நேரத்தில் "நான்தான் தனியாக இருக்கிறேன்" என்று நினைத்துக்கொண்டன.

ஷட் டவுன் சங்கதி இன்னும் வேடிக்கை. விண்டோஸிடம் ஒழுங்காக அணையச் சொல்கிறீர்கள், ஆனால் அதன் டிஸ்க் ஐஸ்கஸியில், ஐஸ்கஸி செத்துப்போயிருக்கிறது, அது எங்கே போய் எழுதும்? எச்ஏ 300 வினாடி காத்திருந்துவிட்டு பிளக்கைப் பிடுங்கிவிடும். உங்கள் எட்டு நிமிடத்துக்குள் இது அத்தனையும் அடங்கிவிட்டது. ஹோஸ்டில் எஃப்டிஎம் லாக்கைப் பாருங்கள், வரிசையாக எழுதியிருக்கும்.

கேபிள்காரன்:
அதுக்குத்தான் நான் ஐசொலேஷன் ரெஸ்பான்ஸை எப்போதும் டிஸேபிள்டில் வைப்பேன். விஎம் பாட்டுக்கு ஓடட்டும், நெட்வொர்க் வந்ததும் சரியாகிவிடும்.

பழையஅட்மின்:
ஃபைபர் சேனல் (ஸ்டோரேஜுக்கென்று தனி நெட்வொர்க்) இருந்தால் நீங்கள் சொல்வது சரி. நெட்வொர்க் போனாலும் டிஸ்க் இருக்கும், பிரைமரியும் ஹார்ட்பீட் டேட்டாஸ்டோரை (ஹோஸ்ட்கள் உயிரோடு இருக்கும் அடையாளத்தை விடும் பொது டிஸ்க்) பார்த்து அந்த ஹோஸ்ட் உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொள்ளும். இவரிடம் ரெண்டும் ஒரே ஒயரில் போகிறது தம்பி. நாளைக்கு ஒரே ஒரு ஹோஸ்டின் கேபிள் மட்டும் போனால், பிரைமரிக்கு நெட்வொர்க் ஹார்ட்பீட்டும் வராது, டேட்டாஸ்டோர் ஹார்ட்பீட்டும் வராது, அதன் கணக்கில் அந்த ஹோஸ்ட் செத்துவிட்டது. விஎம் ஃபைல்களின் பூட்டும் காலாவதியாகியிருக்கும், வேறு ஹோஸ்டில் அதே விஎம்மை எழுப்பிவிடும். பழையது மெமரியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்க, ஒரே ஐபியில் ரெண்டு டேட்டாபேஸ். கேபிளைத் திரும்பச் செருகியதும் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நைட்ஷிப்ட், உங்களுக்கு "பவர் ஆஃப் அண்ட் ரீஸ்டார்ட்"தான் பொருத்தம். டிஸ்க் இல்லாத ஷட் டவுனால் ஐந்து நிமிடம் வீணாவதைத் தவிர வேறு லாபமில்லை. மொத்த ஸ்விட்ச்சும் போனால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது, இரண்டாவது ஸ்விட்ச்தான் காப்பாற்றும். திட்டமிட்ட வேலை என்றால் முந்தைய நாளே கிளஸ்டர் செட்டிங்கில் "எனேபிள் ஹோஸ்ட் மானிட்டரிங்" டிக்கை எடுத்துவிடுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். நான் ஒருமுறை மூன்று வாரம் மறந்திருக்கிறேன்.

ரேக்42:
பிரையாரிட்டி விஷயத்தில் எல்லாரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. ஹை, மீடியம் என்று பிரித்தால் மட்டும் போதாது, "அடுத்த பிரையாரிட்டியை எப்போது தொடங்கலாம்" என்று கீழே தனியாக ஒரு நிபந்தனை இருக்கும், அது இயல்பில் "ரிசோர்சஸ் அலோகேட்டட்". அதாவது டேட்டாபேஸுக்கு சிபியு, மெமரி ஒதுக்கியாயிற்று என்றாலே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடும், விஎம் பூட் ஆனதா என்று பார்க்காது. அதை "கெஸ்ட் ஹார்ட்பீட்ஸ் டிடெக்டட்" என்று மாற்றி, மேலே ஒரு 60 வினாடி தாமதமும் கொடுங்கள். விஎம்மில் விஎம்வேர் டூல்ஸ் (விஎம்முக்குள் நிறுவும் துணை மென்பொருள்) ஓடினால்தான் அந்த ஹார்ட்பீட் வரும்.

ஐசொலேஷன் அட்ரஸுக்கு கேட்வே ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம், ஃபயர்வால் ரீபூட் ஆனாலே போய்விடும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பத்து அட்ரஸ் வரை தரலாம். ஸ்டோரேஜின் மேனேஜ்மென்ட் ஐபி நல்ல தேர்வு, மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கிலிருந்து பிங் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சூட்டில் விஎம் மானிட்டரிங்கையும் (பதில் தராத விஎம்மை ரீசெட் செய்யும் வசதி) ஹையில் போட்டுவிடாதீர்கள், 30 வினாடி சத்தம் இல்லை என்றாலே ரீசெட் பக்கம் போகும்.

நைட்ஷிப்ட்:
எல்லாருக்கும் நன்றி. பவர் ஆஃபுக்கு மாற்றினேன், இரண்டு ஐசொலேஷன் அட்ரஸ் சேர்த்தேன், பிரையாரிட்டி நிபந்தனையையும் மாற்றினேன். சனி மாலை அனுமதி வாங்கி மூன்றாவது ஹோஸ்டின் கேபிள்களைப் பிடுங்கிப் பார்த்தோம். அதில் இருந்தவை மற்ற இரண்டிலும் எழ ஆரம்பித்தன, பிரையாரிட்டியில் மேலே இருந்த டிஎன்எஸ் பெட்டி முதலில் எழுந்தது, அதோடு அப்படியே நின்றுவிட்டது. டேட்டாபேஸ் வரவில்லை. பத்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், கேபிளைத் திரும்பச் செருகிவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. கடைசியில் பார்த்தால் அந்த டிஎன்எஸ் ஒரு பழைய லினக்ஸ், அதில் டூல்ஸே இல்லை. வராத ஹார்ட்பீட்டுக்காக 600 வினாடி டைம்அவுட் முழுவதும் காத்திருந்துவிட்டுத்தான் டேட்டாபேஸைக் கூப்பிட்டிருக்கிறது. திங்கள்கிழமை முதல் வேலை அதில் டூல்ஸ் போடுவது.