எச்ஐவி தடுப்பூசியின் முதல்கட்டச் சோதனையில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் யாராவது உண்டா?

வழிப்போக்கன்:

நான் போட்டுக்கொண்டவன். சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஐயோ, உனக்கு எச்ஐவி வந்துவிடாதா?" வராது. ஊசியில் வைரஸே கிடையாது. எனக்கு வந்தது டிஎன்ஏ வகைச் சோதனை. வைரஸின் ஒன்றிரண்டு புரதங்களை உடம்பே செய்துகொள்வதற்கான மரபணுத் துண்டு மட்டும்தான் அதில் இருக்கும். அதை வைத்து முழு வைரஸ் உருவாக வழியில்லை.

இரண்டாவது கேள்விதான் வில்லங்கம்: "அப்போ இனிமேல் உனக்கு எச்ஐவி வரவே வராதா?" சோதனை நடத்துகிறவர்கள் பயப்படுவதும் இந்த நினைப்புக்குத்தான். ஊசி போட்டாயிற்று என்ற தைரியத்தில் யாராவது ஆணுறையை மறந்துவிட்டால்? முதல்கட்டத்தில் பார்ப்பதெல்லாம் ஊசியை உடம்பு தாங்குகிறதா, எந்த அளவு வரை தாங்குகிறது, எதிர்ப்புசக்தி ஏதாவது எழும்புகிறதா என்பதுதான். காப்பாற்றுமா என்பது பிற்பாடு ஆயிரக்கணக்கான பேரை வைத்துப் பார்க்க வேண்டிய சங்கதி. அதனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன் ஒரு சின்னப் பரீட்சை வைத்தார்கள். 'இந்த ஊசி என்னை எச்ஐவியிலிருந்து பாதுகாக்கும்: சரியா, தவறா?' தவறு என்று எழுதினால்தான் அடுத்த அறைக்கு விடுவார்கள். 'நடுவில் விலக நினைத்தால் காரணம் சொல்லியாக வேண்டும்' என்று இன்னொன்று. அதுவும் தவறு.

அடுத்த அறை கவுன்சலருடையது. மொத்தத்தில் எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்த அறைதான். எத்தனை பேருடன் உறவு, ஆணுறை எப்போதுமா, சில சமயமா, போதை ஊசிப் பழக்கம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். தொற்று வரும் வாய்ப்பு குறைவாக உள்ள, ஆரோக்கியமான ஆட்களைத்தான் இந்தக் கட்டத்தில் எடுப்பார்களாம். முன்பின் தெரியாத ஒருவரிடம் இதையெல்லாம் சொல்வது லேசில்லை. அவரோ முகத்தில் எந்தச் சலனமும் காட்டாமல் டிக் அடித்துக்கொண்டே போனார். அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

ஊசி போடுவது ஒரு நிமிட வேலை. சிரிஞ்சைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. உள்ளே மருந்தா, வெறும் உப்புநீரா என்று பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது அல்லவா. எனக்கும் தெரியாது, போட்ட நர்ஸுக்கும் தெரியாது. அப்புறம் அங்கேயே உட்காரவைத்து, சிவந்த இடத்தை ஸ்கேல் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார்கள். கையில் ஒரு அட்டையும் தர்மாமீட்டரும் கொடுத்து ஒரு வாரம் தினமும் எழுதச் சொன்னார்கள். வலி "கொஞ்சம்" என்றெல்லாம் எழுதக்கூடாது. அன்றாட வேலைக்குத் தொந்தரவில்லை என்றால் ஒன்று, தொந்தரவு என்றால் இரண்டு, வேலையே ஓடவில்லை என்றால் மூன்று. எனக்கு ஒன்றைத் தாண்டவில்லை. ராத்திரி லேசான குளிர், காலையில் சரியாகிவிட்டது.

சாரல்:

நான் ஊசி வரைக்கும் போகவே இல்லை. ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோபில் என்ற வகை வெள்ளணுக்கள் வரம்புக்குக் கொஞ்சம் கீழே. எனக்குக் காய்ச்சல் தலைவலி என்று எதுவும் கிடையாது. "உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் நாளைக்கு இந்த எண்ணிக்கை இன்னும் இறங்கினால், ஊசியால் இறங்கியதா, உங்களுக்கு இயல்பே அதுதானா என்று எங்களால் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். நியாயம்தான். ஆனாலும் ஆரோக்கியம் போதாது என்று திருப்பி அனுப்பினால் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கத்தான் செய்கிறது.

தேன்சிட்டு:

நான் இந்த மாதிரி ஆய்வுகளில் நர்ஸாக வேலை பார்த்தவள். வழிப்போக்கன் சொன்ன அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழு நாளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் எழுதியிருந்தால் வாசலில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். திட்ட மாட்டோம். உட்காரவைத்து ஒவ்வொரு நாளாக வாயால் கேட்போம். கால் இடறி விழுந்தது, பல் பிடுங்கியது, வீட்டில் எல்லோருக்கும் வந்த சளி, எல்லாவற்றையும் எழுதிக்கொள்வோம். ஊசிக்குச் சம்பந்தமே இல்லை என்று தன்னார்வலரே முடிவு பண்ணிச் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் எங்களுக்கு ஆபத்து.

ஏன் என்றால் உதாரணம் கையிலேயே இருக்கிறது. எம்ஆர்என்ஏ முறையில் செய்த எச்ஐவி தடுப்பூசிகளை முதல்கட்டத்தில் சோதித்தபோது சிலருக்கு உடம்பில் தடிப்புத் தடிப்பாக அரிப்பு வந்தது. அமெரிக்காவில் 108 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வில் சுமார் 6.5 சதவீதம் பேருக்கு. சிலருக்கு ஆறு வாரம் தாண்டியும் அது அடங்கவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கோடிக்கணக்கானவர்களுக்குப் போட வேண்டிய ஊசியில் இது சின்ன விஷயமும் இல்லை. வெயிலில் அலைந்ததால் வந்த அரிப்பு என்று அவர்கள் சொல்லாமல் விட்டிருந்தால்?

இந்தக் கட்டத்தில் அவசரம் என்ற பேச்சே கிடையாது. 2006இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை (தடுப்பூசி அல்ல) முதன்முதலாக மனிதர்களுக்கு ஏற்றினார்கள். ஆரோக்கியமான ஆறு ஆண்கள், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே சில நிமிடங்கள்தான். முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்குள் ஆறாவது ஆளுக்கும் ஏறிவிட்டது. ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள், உயிர் பிழைத்தார்கள். மனிதர்களுக்கு முதன்முதலாகக் கொடுக்கும்போது ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் பொறுத்துப் பார்ப்பது அதற்குப் பிறகு கறாராகிவிட்டது. அளவைக் கூட்டுவதும் முந்தைய குழுவின் விவரங்களைப் பாதுகாப்புக் குழு பார்த்துச் சரி சொன்ன பிறகுதான்.

ஊசிமல்லி:

ஊசியைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

ஆய்வு முடிந்து ரொம்ப நாள் கழித்து ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்காக வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தேன். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் எச்ஐவி ரேபிட் டெஸ்ட் பாசிட்டிவ். எனக்கு ஆச்சரியமில்லை. தடுப்பூசியின் வேலையே ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம், உண்டாக்குவது. ரேபிட் டெஸ்டும் எலைசா என்ற ஆய்வகப் பரிசோதனையும் தேடுவதும் ஆன்டிபாடியைத்தான். வைரஸ் இல்லாமலே பாசிட்டிவ் காட்டலாம் என்று படிவத்தில் எழுதியிருந்தார்கள், வாயாலும் சொல்லியிருந்தார்கள். என் பர்ஸில் ஆய்வில் பங்கேற்றதற்கான அட்டையும் இருந்தது.

ஆனால் அந்த ஊழியர் என்னிடம் சொல்லவில்லை. கூட வந்த அண்ணியிடம் சொன்னார், அதுவும் வராந்தாவில், நாலு பேர் காது கேட்க. நான் அட்டையைக் காட்டியபோது முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது" என்றார். ஆய்வு மையத்துக்குப் போன் போட்டோம். அவர்கள் டாக்டரோடு பேசி, வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனை செய்துகொடுத்தார்கள். நெகட்டிவ். அறுவை சிகிச்சை தள்ளிப்போனதோடு முடிந்தது. அண்ணி நல்லவர், விளங்கிக்கொண்டார். ஆனால் வீட்டுக்குச் சொல்லாமலே ஆய்வில் சேர்ந்த ஒருவருக்கு இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

இது எல்லோருக்கும் வருவதில்லை. தடுப்பூசியில் வைரஸின் எந்தப் பகுதி இருக்கிறது, எந்த கிட்டில் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மேலுறைப் புரதம் இருந்தால் வாய்ப்பு கூடுதல். சிலருக்கு வருஷக்கணக்கில் நீடிக்கும். ரத்த தானம் செய்ய முடியாது. காப்பீடு, விசா, ராணுவ வேலை, கர்ப்பகாலப் பரிசோதனை என்று எங்கெல்லாம் எச்ஐவி டெஸ்ட் கேட்கிறார்களோ அங்கெல்லாம் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

2020இல் ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோவிட் தடுப்பூசி நின்றுபோனதே, அதற்கும் இதேதான் காரணம். ஊசியில் இருந்த கொரோனா வைரஸ் புரதத்தை வடிவம் கலையாமல் இறுக்கிப் பிடிக்க எச்ஐவி புரதத்தின் ஒரு சின்னத் துண்டைச் சேர்த்திருந்தார்கள். தன்னார்வலர்களுக்கு எச்ஐவி டெஸ்ட் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டியது. ஊசி பாதுகாப்பானதுதான், இருந்தும் கைவிட்டார்கள். மருந்தின் பாதுகாப்பு வேறு, அதைப் போட்டுக்கொண்டவர் ஊரில் நடமாடும் பாதுகாப்பு வேறு. இரண்டாவதைக் கேட்கும் கட்டம் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பழைய பேப்பர்:

யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. மனிதர்களை வைத்து எச்ஐவி தடுப்பூசிச் சோதனை ஆரம்பித்தது 1987இல், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில், 138 பேரோடு. தாய்லாந்தில் 16,000 பேருக்கும் மேல் கலந்துகொண்ட ஆய்வில் 2009இல் கிடைத்தது 31 சதவீதப் பாதுகாப்பு. அதையே மேம்படுத்தி தென்னாப்பிரிக்காவில் செய்து பார்த்தார்கள், 2020இல் பலனில்லை என்று நிறுத்தினார்கள். 2007இல் நின்ற ஒரு ஆய்வில் ஊசி போட்டுக்கொண்ட சில ஆண்களுக்குத் தொற்று கூடுதலாகவே வந்தது. இன்னும் முதல்கட்டம், முதல்கட்டம் என்றே கேள்விப்படுகிறோம். கையை நீட்டுகிறவர்கள் எதை நம்பி நீட்டுகிறீர்கள்?

மின்மினி:

எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. நான் சேர்ந்தது கொஞ்சம் வேறு மாதிரி ஆய்வு. எச்ஐவியின் பல ரகங்களையும் மடக்கக்கூடிய ஆன்டிபாடியை உண்டாக்கும் பி செல்கள் நம் உடம்பில் மிக அபூர்வமாக இருக்கின்றன. அவற்றை மட்டும் தட்டி எழுப்ப முடிகிறதா என்று பார்ப்பது. இந்த வழியில் முதலில் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது: ஊசி போட்ட 36 பேரில் 35 பேருக்கு அந்தச் செல்கள் எழும்பின. அதோடு வேலை முடியவில்லை, அவற்றைப் படிப்படியாகப் பழக்க இன்னும் வேறு வேறு ஊசிகள் வேண்டும். ஆனால் எங்கே தட்ட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இதற்கு ஆயிரக்கணக்கான பேர் தேவைப்படவில்லை, சிலரை உள்ளும் புறமுமாகப் பார்த்தால் போதும்.

உள்ளும் புறமும் என்று சும்மா சொல்லவில்லை. ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போகும், வெள்ளணுக்களைப் பிரித்துக்கொண்டு மிச்சம் மறு கைக்கு வரும். மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மூக்கு அரித்தால் நர்ஸைத்தான் கூப்பிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் உதடு ஜிவ்வென்று மரத்தது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தை இழுத்துக்கொள்வதால் அப்படி வருமாம். ஒரு கால்சியம் மாத்திரையைக் கொடுத்து வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், அடங்கிவிட்டது. இன்னொரு நாள் அக்குளில் ஸ்கேன் கருவியை வைத்து நிணநீர்க் கணுவைத் தேடி, மெல்லிய ஊசியால் செல்களை எடுத்தார்கள். வலியைவிடக் கூச்சம்தான் அதிகம்.

2007 ஆய்வைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான், அதை என்னிடமும் மறைக்கவில்லை. ஒப்புதல் பேச்சிலேயே எடுத்துச் சொன்னார்கள். சொல்லாமல் விட்டிருந்தால்தான் எழுந்து வந்திருப்பேன்.

புதுமுகம்:

அடுத்த வாரம் எனக்கு ஒப்புதல் பேச்சு இருக்கிறது. என்ன கேட்கட்டும்?

தேன்சிட்டு:

ஊசிமல்லி எழுதியதை முதலில் ஒரு தடவை படித்துவிடுங்கள். ஆய்வு முடிந்த பிறகும் டெஸ்ட் பாசிட்டிவ் காட்டினால் யார் பிசிஆர் செய்து தருவார்கள், எத்தனை வருஷம் வரை, இலவசமா? ஊசியால் உடம்புக்கு ஏதாவது ஆனால் சிகிச்சைச் செலவு யாருடையது, நஷ்டஈடு உண்டா? ஆய்வு நடக்கும்போது எச்ஐவி டெஸ்டை வெளியில் எங்கேயும் எடுக்காதீர்கள், எங்களிடமே வாருங்கள். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் யாரிடமாவது ஒருவரிடம் சொல்லிவைக்கலாமா என்று கவுன்சலரிடம் கேட்டுப் பாருங்கள், எப்படிச் சொல்வது என்று அவரே யோசனை தருவார். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கட்டாயமில்லை, படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படிக்கலாம். கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு நகல் உங்களுக்குத் தந்தாக வேண்டும். ராத்திரி எந்நேரமும் கூப்பிட ஒரு எண் அதில் இருக்கும். கிளம்புவதற்கு முன் அங்கேயே ஒரு தடவை அடித்துப் பாருங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று.