மொட்டும் புல்லியும்: ஆர்கேட் பொத்தானுக்குச் சொல் தேடி

நண்பர்களுக்கு வணக்கம்.

காசு போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டு இயந்திரங்களில் பொத்தான்கள் பதித்த கட்டுப்பாட்டுப் பலகை இருக்குமே, அதை வீட்டிலேயே செய்வது பற்றித் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதி வருகிறேன். மரம் அறுப்பது, துளை போடுவது எல்லாம் எழுதி முடித்தாயிற்று. பொத்தான் பகுதிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்தப் பொத்தானுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் விசை, குமிழ், அழுத்தி என்று மூன்று சொற்களை இங்கே முன்வைத்திருக்கிறீர்கள். மூன்றையும் என் கையெழுத்துப் படியில் மாற்றி மாற்றிப் போட்டுப் படித்துப் பார்த்தேன். அதில் தெரிந்ததை, நீங்கள் எழுதிய வரிகளை இடையிடையே மேற்கோளாகக் காட்டி எழுதுகிறேன். எனக்குத் தோன்றிய இரண்டு சொற்களையும் கடைசியில் வைக்கிறேன். தயங்காமல் உரசிப் பாருங்கள்.

> விசைப்பலகையில் இருப்பது விசை என்றால் இதுவும் விசைதான். புதுச்சொல் எதற்கு?

முதலில் நானும் இப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த வேலையில் விசைப்பலகையும் பொத்தானும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து மோதிக்கொள்கின்றன. பொத்தான்களுக்கும் கணினிக்கும் நடுவே ஒரு சிறிய மின்சுற்றுப் பலகை இருக்கும். அதில் ஒரு வகை, தன்னை விசைப்பலகை என்றே கணினியிடம் சொல்லிக்கொள்ளும். பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டர் என்ற மென்பொருளில் முதல் ஆட்டக்காரரின் முதல் பொத்தானுக்கு இயல்பாக அமைந்திருப்பது இடது கன்ட்ரோல் விசை, இரண்டாவதற்கு இடது ஆல்ட், மூன்றாவதற்கு இடைவெளி விசை. காசு போடுவதற்கு 5, ஆட்டம் தொடங்க 1. இதை விளக்கும்போது "முதல் விசையை இடது கன்ட்ரோல் விசையுடன் இணைக்கவும்" என்று எழுதினால் படிப்பவர் எந்த விசையைத் தொடுவார்? பள்ளி இயற்பியலில் தள்ளுவதும் இழுப்பதும்கூட விசைதான். "இந்த விசையை அழுத்தக் குறைந்த விசை போதும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நானே அடித்துவிட்டேன். விசை விசைப்பலகையிலேயே இருக்கட்டும்.

> அழுத்தப்படுவது எதுவோ அது அழுத்தி. எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான். ஆனால் உலவுவது உலவி, திருத்துவது திருத்தி என்ற வரிசையில் வைத்தால், அழுத்துவதுதான் அழுத்தி ஆகும். இங்கே அழுத்துவது நம் விரல், பொத்தான் அழுந்துகிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. அழுத்தி என்பது வினையெச்சமாகவும் வரும். "இடது அழுத்தி அழுத்திப் பிடித்தபடி" என்று எழுதும்போது கண் இரண்டு முறை பின்னால் போகிறது. செய்முறைக் கையேட்டில் அழுத்து என்ற வினை பக்கத்துக்குப் பத்து முறை வரும். பெயரையும் அதிலிருந்தே எடுத்தால் தாங்காது.

குமிழ்தான் என்னை அதிக நாள் பிடித்து வைத்தது. அதை முன்வைத்த ஐயாவுக்கு நன்றி. நிறத்தோடு சேரும்போது அது எவ்வளவு அழகாக ஒட்டுகிறது பாருங்கள்: செங்குமிழ், கருங்குமிழ், வெண்குமிழ், நீலக்குமிழ். உருண்டு புடைத்திருப்பதைக் குமிழ் என்கிறோம். வானொலியில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருகுவதையும் குமிழ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆர்கேட் பலகையில் திருகும் உறுப்பும் உண்டு. சுற்றிவிட்டால் சுழன்றுகொண்டே இருக்கும் சக்கரக் குமிழ் வைத்து ஆடும் ஆட்டங்கள் இருக்கின்றன. குமிழ் என்ற சொல்லை அதற்கு விட்டுவிடுவதே நியாயம் என்று நினைக்கிறேன்.

அதைவிடப் பெரிய தடை பொத்தானின் முகம். ஆர்கேட் பொத்தான்களில் இரண்டு மரபுகள் இருப்பது இங்கே பலருக்குத் தெரியும். சான்வா, சேய்மிட்சு போன்ற நிறுவனங்களின் ஜப்பானிய வகைகளில் முகம் தட்டையாகவோ சற்றே மேடாகவோ இருக்கும். விரல் பட்டதும் இறங்கிவிடும், சத்தமும் குறைவு. ஹாப் நிறுவனத்தின் வழிவந்த அமெரிக்க வகைகளில் பெரும்பாலும் முகம் கிண்ணம் போல் உள்வாங்கியிருக்கும். கூடுதல் ஆழம் போய் மீளும், அடியில் தனியாக மாட்டிய சிறு சுவிட்ச் கிளிக் என்று ஒலிக்கும். விரல் நுனியை அந்தக் குழிவில் பதித்து ஆடுவது பலருக்குப் பிடிக்கும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் பொத்தான் வகைகளைப் பற்றி எழுதவே முடியாது. "குழிந்த குமிழ்" என்றால் சொல்லின் ஒரு பாதி மறு பாதியை மறுக்கிறது.

அப்படியானால் என்னதான் சொல்வது? முழு உறுப்புக்கும் பொத்தான் என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த சொல், உண்மைதான். சாவியும் மேசையும் சன்னலும் அதே கப்பலில் வந்தவைதான். சட்டையில் இருப்பதும் பொத்தான்தானே என்ற ஐயம் எழலாம். ஆனால் பலகையில் துளை போட்டுப் பொருத்து என்று சொல்லும் இடத்தில் யாரும் சட்டையை நினைக்கப் போவதில்லை.

எனக்கு உண்மையில் சொல் தேவைப்பட்டது பொத்தானின் உள்ளுறுப்புகளுக்குத்தான். அது எனக்கு எப்படிப் புரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் முதல் பலகைக்குப் பொத்தான் வாங்கியபோது "சிவப்புப் பொத்தான் 6, நீலப் பொத்தான் 6" என்று எழுதி அனுப்பினேன். என் மனத்தில் இருந்தது கறுப்பு வளையத்துக்குள் சிவப்பு, கறுப்பு வளையத்துக்குள் நீலம். வந்து சேர்ந்தவற்றில் வளையமும் சிவப்பு, நடுவும் சிவப்பு. விற்றவர் மேல் பிழை இல்லை. நான் எழுதியதை அப்படித்தான் படிக்க முடியும். கறுப்புப் பலகையில் அவற்றை வைத்துப் பார்த்தபோது பெரிய பெரிய வட்டங்களாகக் கண்ணை அடைத்தன. நான் கேட்டிருக்க வேண்டியதைத் தமிழில் ஒரே சொல்லாகச் சொல்ல வழியில்லை என்பது அன்றுதான் உறைத்தது. பொத்தானுக்கு இரண்டு நிறங்கள் உண்டு. உள்ளே இறங்கி மேலே வரும் நடுப்பகுதிக்கு ஒன்று; அதைச் சுற்றிப் பலகைமேல் படிந்து நிற்கும் விளிம்புக்கு ஒன்று.

நடுப்பகுதிக்கு மொட்டு, விளிம்புக்கு புல்லி. இவைதான் என் பரிந்துரைகள்.

பூவின் மொட்டு, அடியில் இருக்கும் புல்லிவட்டத்திலிருந்து மேலெழுந்து நிற்கும். பொத்தானிலும் அதே அமைப்புத்தான்: வளையம் பிடித்திருக்க, அதன் நடுவிலிருந்து எழுகிறது. புல்லுதல் என்றால் தழுவுதல். வளையம் மொட்டைத் தழுவி நிற்கிறது. தாவரவியல் பாடத்தில் புல்லி, அல்லி என்று படித்தவர்களுக்குச் சொல் ஏற்கெனவே தெரியும். இன்னொரு பொருத்தத்தைப் பின்னால்தான் கவனித்தேன். பொத்தானுக்கு மூலமான அந்தப் போர்ச்சுகீசியச் சொல்லுக்கே பூமொட்டு என்ற பொருளும் உண்டு. மொட்டு என்று சொல்வதால் நாம் பொத்தானை விட்டு விலகிப் போகவில்லை.

நிறங்களோடு சேர்த்துப் பார்ப்போம். செம்மொட்டு, கருமொட்டு, வெண்மொட்டு, நீலமொட்டு எல்லாம் தானாக வந்து விழுகின்றன. மஞ்சளுக்குப் புணர்ச்சி விதிப்படி மஞ்சண்மொட்டு என்று வர வேண்டும். படிப்பவர் திகைப்பார், மஞ்சள்மொட்டு என்றே விட்டுவிடலாம். பச்சையைப் பசுமொட்டு என்று எழுதினால் இளமொட்டு என்ற பொருள் வந்துவிடும்; பச்சைமொட்டு போதும். புல்லிக்கு: செம்புல்லி, வெண்புல்லி, நீலப்புல்லி, கரும்புல்லி. கடைசிச் சொல்லில் முதல் பார்வைக்குக் கரும்பு என்று கண் தடுக்கும். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மற்ற புல்லிகளோடு வரிசையில் பார்க்கும்போது சரியாகிவிடுகிறது.

இப்போது நான் அன்று கேட்டிருக்க வேண்டியது: "கரும்புல்லிச் செம்மொட்டு 6, கரும்புல்லி நீலமொட்டு 6." இரண்டே சொல்லில் நிறமும் இடமும் தெளிவாகிவிடுகின்றன. விளிம்பும் நடுவும் ஒரே நிறமாக இருந்தால் ஒருநிறப் பொத்தான்.

முகத்தின் வடிவத்துக்கும் இதே சொல் உதவுகிறது. குவியாடி, குழியாடி என்று படித்திருக்கிறோம். அதுபோலக் குவிமொட்டு, குழிமொட்டு. குழிமொட்டிலும் அதே முரண் இல்லையா என்று குமிழ் ஐயா கேட்கக்கூடும். குமிழ் என்ற சொல்லில் புடைப்பு இல்லாவிட்டால் பொருளே இல்லை. மொட்டு என்றால் ஒன்றிலிருந்து முளைத்து நிற்பது என்பதுதான் முதலில் தோன்றுகிறது. நுனி எப்படி இருந்தாலும் அது மொட்டுத்தான். எனக்கு இந்த வேறுபாடு போதுமானதாகப் படுகிறது. ஏற்க முடியாதவர்கள் எழுதுங்கள்.

நிறம் தேர்ந்தெடுப்பது பற்றிக் கையேட்டில் நான் எழுதியிருப்பதற்கும் இச்சொற்களுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஆடும்போது கை மொட்டுகளின் மேல் கிடக்கும். மொட்டின் நிறம் விரலுக்கு அடியில் மறைந்துவிடும். வெளியே தெரிவது புல்லிதான். ஆகவே யாருடைய பக்கம் என்பதைப் புல்லியில் காட்டு, எந்த வேலைக்கான பொத்தான் என்பதை மொட்டில் காட்டு என்று எழுதியிருக்கிறேன். செம்புல்லி என்றால் முதல் ஆட்டக்காரர், நீலப்புல்லி என்றால் இரண்டாமவர். நான்கு பேர் பலகையானால் மஞ்சளும் பச்சையும் சேரும். 1985இல் வந்த காண்ட்லெட் ஆட்டத்திலேயே நான்கு வீரர்களுக்கும் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்றுதான் நிறம் இருந்தது. இரண்டே பேருக்கான பலகையில் சிவப்பையும் பச்சையையும் எதிரெதிரே வைக்க வேண்டாம். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத கண்கள் நம் நண்பர்களிடையே நிச்சயம் இருக்கும். சிவப்பு, நீலம் என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

மொட்டின் நிறத்துக்கு எந்த ஆட்டத்தை மனத்தில் வைத்துப் பலகை கட்டுகிறோம் என்பதே அடிப்படை. நியோ ஜியோ என்ற விளையாட்டுக் கருவியின் ஆட்டங்களுக்கு என்றால் கேள்வியே இல்லை, அதன் நான்கு பொத்தான்களுக்கும் எழுத்தும் நிறமும் உண்டு: ஏ சிவப்பு, பி மஞ்சள், சி பச்சை, டி நீலம். பல விளையாட்டுக் கருவிகளின் ஆட்டங்களையும் ஒரே பலகையில் ஆட நினைப்பவர்கள் எழுத்தை நம்பி நிறம் வாங்கக் கூடாது. ஜப்பானிய சூப்பர் ஃபாமிகாமில் ஏ சிவப்பு, எக்ஸ்பாக்ஸில் ஏ பச்சை. அங்கே பி மஞ்சள், இங்கே பி சிவப்பு. இடமும் மாறும். 1991இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போல ஆறு பொத்தான் ஆட்டங்களில் மேல்வரிசை குத்து, கீழ்வரிசை உதை. இடமிருந்து வலமாக மென்மை, நடுத்தரம், வலிமை. இதற்கு நான் நெடுக்காக நிறம் கொடுத்தேன்: முதல் இணைக்கு வெண்மொட்டு, நடுவுக்கு மஞ்சள்மொட்டு, கடைசிக்குச் செம்மொட்டு. புதிதாக ஆட வந்த குழந்தைகூட எதை அடித்தால் பலமாக விழும் என்று கேட்காமலே கண்டுபிடித்தது.

> வெளிச்சம் வரும் பொத்தானுக்கு ஒளிப்பொத்தான் என்று வைத்துவிடலாமா?

முழு உறுப்புக்கு வைக்கலாம். எரியும் பகுதியைக் குறிப்பிடும்போது ஒளிமொட்டு, ஒளிப்புல்லி என்று பிரிப்பது நல்லது. நடுப்பகுதி மட்டும் எரிபவையும் உண்டு, வளையம் மட்டும் எரிபவையும் உண்டு. நிறமில்லாமல் ஒளி ஊடுருவுவது தெளிமொட்டு. தெளிமொட்டில் நிறம் விளக்கிலிருந்து வருகிறது. விளக்கு அணைந்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். நிறமொட்டாக இருந்தால் உள்ளே வெள்ளை விளக்கோ அதே நிற விளக்கோ வேண்டும். நீலமொட்டுக்குள் சிவப்பு விளக்கைப் போட்டால் இருண்டு கிடக்கும். வாங்கும் முன் விளக்கு 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும் முறைக்கு இரண்டு சொற்கள் போதும். பக்கவாட்டுக் கொக்கிகளால் தகட்டைப் பிடித்துக்கொள்வது கவ்வுபொத்தான். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. "கவ்வுப்பொத்தான்" என்று எழுத வேண்டாம். பின்பக்கம் மரை போட்டு இறுக்குவது மரைப்பொத்தான். 18 மி.மீ. மரப்பலகையை கவ்வுபொத்தானால் கவ்வ முடியாது. அதற்கு நீண்ட கழுத்துள்ள மரைப்பொத்தான் வேண்டும், இல்லாவிட்டால் துளையைச் சுற்றிப் பின்பக்கம் மரத்தைக் குடைந்து மெலிதாக்க வேண்டும். துளை அளவு ஜப்பானிய வகைக்கு 30 மி.மீ., தொடக்கப் பொத்தான் போன்ற சிறியவற்றுக்கு 24. அமெரிக்க வகைக்கு 1⅛ அங்குலம், அதாவது ஏறக்குறைய 28.6 மி.மீ.

அடியில் இருக்கும் சுவிட்சுக்கு நுண்சொடுக்கி, நுண்ணாளி என்று இரண்டு கருத்துகள் வந்தன. இலங்கைப் பாடநூல்களில் சுவிட்ச் ஆளி என்றே இருப்பதால் நான் நுண்ணாளி பக்கம். சொடுக்கி என்றால் சுட்டெலியைச் சொடுக்குவதும் கூடவே நினைவுக்கு வருகிறது.

கடைசியாக ஒன்றில் உங்கள் உதவி வேண்டும். ஆறு துளை போட்டுவிட்டு நான்கு பொத்தான் மட்டும் மாட்டும்போது, மீதித் துளைகளை அடைக்க ஒரு மூடி விற்கிறார்கள். பொத்தான் போலவே இருக்கும், அழுந்தாது. அதற்குப் பொத்தி என்று எழுதி வைத்திருக்கிறேன். வாயைப் பொத்து, காதைப் பொத்து என்று சொல்கிறோமே, அந்தப் பொத்துதான். வாழையின் மடல் விரியாத பூவைப் பொத்தி என்று அழைப்பவர்களும் நம்மில் உண்டு. மொட்டு, புல்லிக்குப் பக்கத்தில் அது நன்றாகவே உட்காருகிறது. ஆனால் பொத்தான், பொத்தி இரண்டும் காதுக்கு மிக நெருக்கமாக இருக்கின்றன. "இரண்டு பொத்தி வாங்கு" என்று சொன்னால் கேட்பவர் பொத்தான் என்று எடுத்துக்கொள்வாரா? வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.