பெரியப்பாவின் மாஸ்க் பஞ்சாயத்து

குழு: நம்ம வீடு

சனிக்கிழமை

காலை 6:08
பெரியப்பா: தூக்கத்தில் மூச்சு நிற்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புகிற அந்த சிபாப் மெஷினைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். ஒன்பது ராத்திரி பார்த்தாயிற்று. இனி நம்மால் ஆகாது.

6:11
பெரியம்மா: இரண்டு மணிக்கே கழற்றி எறிந்துவிட்டார். அப்புறம் பழைய குறட்டைதான். நடுநடுவே மூச்சு நின்று நின்று வந்தது. விடிய விடிய எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

6:15
அக்கா: அப்பா, தொந்தரவு மெஷினா, மாஸ்க்கா?

6:17
பெரியப்பா: மெஷின் பாவம், அது பாட்டுக்கு ஓடுகிறது. மாஸ்க்தான். கண்ணுக்குள் காற்று அடிக்கிறது. பட்டையை இறுக்கினால் மூக்குத்தண்டு புண்ணாகிறது.
[படம்]

6:19
மாமா: மச்சான், யாரோடு மல்லுக்கட்டினீர்கள்?

6:20
அத்தை: நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள். அண்ணா, தோலே உரிந்திருக்கிறதே. எத்தனை முறை இறுக்கினாய்?

6:21
பெரியப்பா: லீக் ஆகும்போதெல்லாம்.

6:26
அத்தை: அதுதான் தப்பு. எனக்கும் முதல் மாதம் இதே கதை. குழாய் வாஷர் மாதிரி அழுத்த அழுத்த அடைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அது அப்படி இல்லை. முகத்தில் படுகிற அந்த மெல்லிய சிலிகான் மடிப்பு, காற்றில் உப்பித்தான் தோலோடு ஒட்ட வேண்டும். இறுக்கினால் நசுங்கிச் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கம் வழியாகத்தான் காற்று கண்ணுக்குப் போகிறது.

6:27
பெரியப்பா: தளர்த்தினால் லீக் நிற்குமா? நல்ல வேடிக்கை.

6:28
அத்தை: எங்கே மாட்டிப் பார்த்தாய்?

6:28
பெரியப்பா: கண்ணாடி முன்னால் நின்று.

6:33
அத்தை: நின்றுகொண்டா தூங்கப் போகிறாய்? படுத்தால் கன்னச் சதை சரிந்து முகமே வேறு ஆகிவிடும். மெஷினை ஓடவிட்டுத் தலையணையில் படு. எல்லாப் பட்டையையும் தளர்த்து. மாஸ்க்கை லேசாக முகத்தை விட்டுத் தூக்கிப் பிடித்து, காற்றில் உப்பவிட்டு, மெல்ல உட்காரவை. அப்புறம் இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இழு. பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே விரல் நுழைய வேண்டும்.

6:36
அக்கா: அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுகிற அந்த ரேம்ப் ஓடும்போது சரிபார்க்காதீர்கள் அப்பா. அப்போது அழுத்தம் குறைவு. அப்புறம் முழு அழுத்தம் வரும்போது பிய்த்துக்கொள்ளும். டாக்டர் எவ்வளவு வைத்திருக்கிறார்?

6:37
பெரியப்பா: 11.

6:38
அக்கா: 11 செ.மீ. தண்ணீர் அழுத்தம். ஒரு ஸ்ட்ராவை அந்த ஆழத்துக்குத் தண்ணீரில் விட்டு, குமிழி வர ஊதிப் பாருங்கள். அவ்வளவுதான்.

6:39
மாமா: அரைச் சாண் தண்ணீருக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

6:40
அக்கா: தொண்டைச் சதை மூடிக்கொள்ளாமல் பிடித்து நிறுத்த அது போதும் மாமா. அப்பா, பல்செட்டோடு பார்த்தீர்களா, கழற்றிவிட்டா?

6:41
பெரியப்பா: போட்டுக்கொண்டுதான். ராத்திரி கழற்றிவிடுவேன்.

6:42
பெரியம்மா: கழற்றினால் கன்னம் இரண்டும் உள்ளே போய்விடுகிறது.

6:43
அக்கா: பாருங்கள், அளவு பார்த்தது ஒரு முகத்துக்கு, தூங்குவது வேறு முகத்தோடு. அது வாயையும் மூக்கையும் மூடுகிற முழு மாஸ்க். கன்னம் ஒட்டினாலே காற்று ஓடிவிடும். அதை யார் தேர்ந்தெடுத்தது?

6:45
பெரியப்பா: குறட்டை விடுகிறவன் வாயைத் திறந்துதானே தூங்குவான் என்று கடைக்காரனே எடுத்துக் கொடுத்தான்.

6:52
அக்கா: பலருக்கு வாய் திறப்பதே தொண்டை அடைபட்டு மூச்சுக்குத் தவிப்பதால்தான். சிகிச்சை சரியாக நடந்தால் வாய் தானாக மூடிக்கொள்வதும் உண்டு. முழு மாஸ்க்குக்கு முகத்தில் ஒட்ட வேண்டிய சுற்றளவு அதிகம், அதனால் லீக்குக்கும் இடம் அதிகம். தாடையைப் பின்னால் தள்ளுவதால் சிலருக்குக் கூடுதல் அழுத்தமே தேவைப்படும். மூக்கடைப்பு தீராதவர்களுக்கு அது வேண்டும்தான். உங்களுக்கு மூக்கு நன்றாகத்தானே இருக்கிறது? முதலில் மூக்கு மாஸ்க்கைத்தான் பார்த்திருக்க வேண்டும். நான் தூக்கச் சோதனைக் கூடத்தில் தினமும் பார்க்கிறேன்.

6:54
மாமா: வாயில் டேப் ஒட்டினால் போதும் என்று ஒரு வீடியோ வந்ததே?

6:54
அக்கா: டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். தூக்கத்தில் மூக்கு அடைத்தால், வாந்தி வந்தால் என்ன செய்வது?

6:55
மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

6:59
அத்தை: நான் போடுவது நேசல் பில்லோ. மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும், மூக்குத்தண்டில் எதுவும் படாது. கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம். ஆனால் முதல் வாரம் துவாரம் எரிந்து கண்ணீரே வந்தது. பெட்டியில் மூன்று அளவு இருந்திருக்கிறது. மாட்டி வந்தது நடு அளவு, எனக்குச் சரியானது சின்ன அளவு. நான்கு வருடமாக அதுதான்.

7:00
மாமா: மச்சான் மீசையை எடுத்தால்தான் எந்த மாஸ்க்கும் உட்காரும்.

7:00
பெரியப்பா: மாஸ்க் போனாலும் போகட்டும்.

7:01
அத்தை: பில்லோ என்றால் மீசை பெரும்பாலும் தப்பிக்கும் அண்ணா. காந்தக் கிளிப் வைத்ததாகப் பார்த்து வாங்கு, கழற்ற சுலபம்.

7:02
அக்கா: ஐயோ அத்தை, அது மட்டும் கூடாது. அம்மாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. அந்தக் காந்தம் அதிலிருந்து 15 செ.மீ. தள்ளியாவது இருக்க வேண்டும். போட்டுக்கொள்பவருக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் படுப்பவருக்கும்தான் இந்த விதி.

7:05
பெரியப்பா: இப்போதுதான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கிளிப்பில் சாவியை வைத்தேன். டக்கென்று பிடித்துக்கொண்டது.

7:06
பெரியம்மா: ஒன்பது நாளும் பக்கத்தில்தானே படுத்திருந்தேன்!

7:09
அக்கா: பயப்படாதீர்கள் அம்மா. காந்தம் விலகினால் பொதுவாக பேஸ்மேக்கர் பழையபடி ஓட ஆரம்பித்துவிடும். ஆனாலும் இன்றே இதய டாக்டரிடம் போனில் சொல்லிவிடுங்கள். தலைசுற்றல் ஏதாவது இருந்ததா?

7:10
பெரியம்மா: இல்லை. தூக்கம்தான் இல்லை.

7:11
நான்: பெரியப்பா, அந்த மாஸ்க்கை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். சாயங்காலம் வருகிறேன், சேர்ந்து போய் மாற்றிக்கொண்டு வருவோம்.

இரவு 9:40
நான்: பில்லோ மாஸ்க், காந்தம் இல்லாதது. படுக்கவைத்து, மெஷினை ஓடவிட்டு, பல்செட் இல்லாமல் பார்த்தாயிற்று. இவருக்குப் பெரிய அளவுதான் சரியாக இருக்கிறது. குழாய் உச்சந்தலை வழியாகப் போகிறது, புரண்டு படுத்தாலும் இழுக்காது.

10:25
பெரியப்பா: முன்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் வழியாக உஸ்ஸென்று காற்று போகிறது. பஞ்சு வைத்து அடைத்துவிட்டேன்.

10:25
அக்கா: அப்பா!! உடனே எடுங்கள். நீங்கள் விடுகிற மூச்சு வெளியே போகத்தான் அந்தத் துளைகள். அது லீக் இல்லை.

10:27
பெரியப்பா: எடுத்துவிட்டேன். கத்தாதே.

ஞாயிற்றுக்கிழமை

காலை 6:50
மாமா: மச்சான் காலை வணக்கம் போடவில்லையே?

6:58
பெரியம்மா: இன்னும் எழுந்திருக்கவில்லை. சத்தமே இல்லாததால் நான்தான் மூன்று முறை எழுந்து, மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்த்தேன்.

6:59
மாமா: மீசை?

7:00
பெரியம்மா: இருக்கிறது.