பத்தாவது படிக்கிறேன், கேம் டிசைன் ஆன்லைன் கோர்ஸ் எது நல்லது?

கேள்வி: லீவுல கேம் டிசைன் கத்துக்கலாம்னு இருக்கேன் அண்ணா. வீட்ல 4 ஜிபி ராம் பழைய லேப்டாப்தான், கேம் செய்யுற சாஃப்ட்வேர் யூனிட்டி ஓபன் ஆகவே யுகம் ஆகுது. காசு கட்டாம ஏதாச்சும் கோர்ஸ் இருக்கா? பிளாக்க இழுத்து வச்சு கோடிங் பண்ற ஸ்க்ராட்ச் மட்டும் கொஞ்சம் தெரியும்.

பதில் 1: தம்பி, ஹார்வர்டோட சிஎஸ்50ங்கிற கம்ப்யூட்டர் கோர்ஸ் வரிசைல 2டி கேம் கோர்ஸ் ஃப்ரீயா இருக்கு, லுவா லாங்வேஜ்ல பாங், ஃப்ளாப்பி பேர்டுன்னு ஆரம்பிச்சு ஒவ்வொரு கேமா செய்ய வைப்பாங்க. பழைய லேப்டாப்லயே ஓடும். ஆனா ஸ்க்ராட்ச்ல இருந்து நேரா போனா மூச்சு முட்டும், நடுவுல கொஞ்சம் பைத்தான் லாங்வேஜ் பாத்துட்டு போ.

பதில் 2: அது கேம் ப்ரோக்ராமிங் ப்ரோ, டிசைன் வேற. ஆடு புலி ஆட்டத்தையே எடுத்துக்கோ, 3 புலி 15 ஆடு. ஒரு புலிய கூட்டிப் பாரு, இல்ல நாலு ஆட்ட குறைச்சு வீட்ல யார்கூடயாச்சும் ஆடு, எந்தப் பக்கம் சுலபமா ஜெயிக்குதுன்னு நோட்ல எழுது. பேலன்சிங்னு கோர்ஸ்ல சொல்றது இதத்தான், லேப்டாப்பே வேணாம்.

பதில் 3: யூனிட்டிக்கு பதிலா கோடாட் போடு, ஓபன் சோர்ஸ், இன்ஸ்டால் பண்ணக்கூட வேணாம் அப்படியே ஓடும். ஜம்ப் வைக்கும்போது ஒண்ணு ட்ரை பண்ணு, விளிம்ப தாண்டி விழ ஆரம்பிச்ச பிறகும் ஒரு சில ஃப்ரேம் (நொடில ஒரு சின்ன பகுதி) குதிக்க விடு, கயோட்டி டைம்னு பேரு. ஆடுறவனுக்கு தெரியவே தெரியாது, ஆனா கேம் டக்குனு நல்லா ஆயிடும்.

கேள்வி கேட்டவர்: தேங்க்ஸ் அண்ணா, கோடாட் டவுன்லோட் போட்டாச்சு. ஆடு புலி தாத்தாகூட ஆடணும், அவர் புலிய விட்டே தர மாட்டாரு 😅