பாலின ஆய்வில் பிஎச்டி: எங்கே சேருவது, யாரிடம் சேருவது?

தேன்சிட்டு:
எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. சமூகவியல் முடித்துவிட்டு மதுரைப் பக்கம் ஒரு பெண்கள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். சேர்ந்து வாழ ஆசைப்பட்டு வீட்டை விட்டுக் கிளம்பி வந்த பெண் ஜோடிகளும் எங்களிடம் வருவார்கள். பின்னாலேயே 'பெண்ணைக் காணோம்' என்று பெற்றோர் புகார் கொடுத்துவிடுவார்கள். ஸ்டேஷனில் இரண்டு பேரையும் ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்து, 'அம்மா அழுவுறாங்க பாரு, வீட்டுக்குப் போயிடு' என்று மணிக்கணக்கில் பேசுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

இப்படி ஒரு பெண் ஜோடி தொடுத்த சுஷ்மா வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: காணாமல் போனவர்கள் வயது வந்தவர்கள், தாங்களாக விரும்பித்தான் வந்தார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிப் புகாரை முடித்துவிட வேண்டும், தொல்லை கொடுக்கக் கூடாது. 2022-ல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளிலும், தன்பாலின, மாற்றுப் பாலினத்தவரையும் அவர்கள் நலனுக்காக உழைப்பவர்களையும் துன்புறுத்தக் கூடாது என்று 24-சி விதியைச் சேர்த்தார்கள். விதி வந்தபின் ஸ்டேஷனில் என்ன மாறியது? இதைத்தான் பிஎச்டியாகச் செய்ய நினைக்கிறேன்.

பெண்ணியல் துறையில் சேருவதா, சமூகவியலிலா? தமிழ்நாட்டிலேயே படிக்கலாமா? 'இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவ' என்று அப்பா தினமும் கேட்கிறார். சம்பளம் நின்றால் வீட்டுக்கும் கஷ்டம்.

பேருந்துநிலைய வாசகர்:
பணத்துக்கு வழி யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தேர்வுதான். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய், வாடகைப்படி தனி. 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் மதிப்பெண்ணை வைத்தும் பிஎச்டி சேர்க்கை நடக்கிறது. ஜேஆர்எஃப் கிடைக்காதவர்களுக்கு நெட்டுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30. பெண்ணியல் தனிப் பாடமாகவே இருக்கிறது, ஆனால் முதுகலை படித்த பாடத்தில் எழுதச் சொல்கிறது யுஜிசி. அதனால் உங்களுக்குச் சமூகவியல். நெகட்டிவ் மார்க் கிடையாது, எதையும் விடாமல் எழுதுங்கள்.

கொள்ளிடக்கரை:
தேன்சிட்டு, கேள்வியே கையில் இருக்கிறது உனக்கு. இங்கே பலர் அதுகூட இல்லாமல் பதிவு செய்துவிட்டுத் தேடுகிறார்கள். ஹைதராபாத்தில் பெண்ணியலில் பிஎச்டி செய்கிறேன், ஜமாத் என்ற திருநங்கையர் சமூக அமைப்புக்குள் மூத்தவர்–இளையவர் இடையே வரும் தாய்–மகள் உறவு பற்றி. அக்காவாகச் சொல்கிறேன், துறையின் பெயர்ப்பலகையைப் பார்க்காதே, ஆய்வை வழிநடத்தும் நெறியாளரைப் பார்.

எப்படி என்றால், இந்தியப் பல்கலைகளின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் அவரிடம் படித்தவர்களின் ஆய்வேடுகள் கிடக்கும். ஒன்றை எடுத்து நன்றியுரையை முதலில் படி. களத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று அதில் தெரியும். பிறகு நேர்காணல்களை எப்படி எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று பார். மேற்கோள் எல்லாம் வெளிநாட்டு அறிஞர்களாக இருந்து, பேசிய பெண்கள் 'பங்கேற்பாளர் 4' என்று ஒரு வரியில் முடிந்துபோயிருந்தால் அந்த இடம் உனக்கு வேண்டாம். இடம் காலியா என்றும் கேள். ஒரே சமயத்தில் ஒரு பேராசிரியர் 8 மாணவர்கள், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் எடுக்க முடியும்.

டெல்லியில் ஜேஎன்யூ, அம்பேத்கர் பல்கலை, புனேயில் சாவித்ரிபாய் புலே பல்கலை, நம் பக்கம் திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா, கொடைக்கானல் அன்னை தெரசா, எல்லாவற்றிலும் இந்தத் துறை இருக்கிறது. ஆனால் உன் களம் தமிழ்நாடு. நெறியாளர் சரியாக இருந்தால் இங்கேயே இரு. வேலை என்று பார்த்தால், பெண்ணியலுக்குத் தனித்துறை வைத்திருக்கும் கல்லூரிகள் குறைவு. சமூகவியலில் பதிவு செய்து பாலினத்தைப் பற்றி எழுதினால் கதவு கொஞ்சம் அகலமாகத் திறக்கும். அப்பாவிடமும் இதைச் சொல்லலாம்.

இனி முக்கியமானது. காப்பகத்தில் இப்போது இருக்கும் பெண்களைப் பேட்டி எடுக்காதே. படுக்க இடமும் சாப்பாடும் தருவது நீ. நீ கேட்டால் அவர்களால் முடியாது என்று சொல்ல முடியுமா? அது சம்மதம் ஆகாது. கையெழுத்து வாங்கும் படிவமும் இந்த ஆய்வில் ஆபத்து, பேர் போட்ட தாள் யார் கையில் கிடைத்தாலும் அந்தப் பெண் மாட்டிக்கொள்வாள். வாய்மொழிச் சம்மதம் போதும் என்று பல்கலையின் அறநெறிக் குழுவிடம் காரணத்தோடு எழுதிக் கேள். ஒலிப்பதிவு போனில் தங்கக் கூடாது.

திருநங்கையர் கூடும் கூவாகம் திருவிழாவில் சித்திரைப் பௌர்ணமிக்கு முதல் நாள் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "தாலி கட்டுற அன்னைக்கு வர்றீங்க, அறுக்குற அன்னைக்குப் போயிடுறீங்க. மார்கழியில நாங்க என்ன சாப்பிடுறோம்னு பார்த்திருக்கியா?" அதற்கப்புறம் என் ஆய்வுத் திட்டத்தில் திருவிழா ஓர் அத்தியாயம்கூட இல்லை. மழைக்காலத்தில் போய் அவர்களோடு ரேஷன் கடை வரிசையில் நின்றதில்தான் ஆய்வே தொடங்கியது.

கடல்தாண்டி:
சகோதரி, வெளிநாட்டையும் யோசியுங்கள். அமெரிக்காவில் 1990-லேயே எமரி பல்கலை பெண்ணியலில் பிஎச்டி தொடங்கிவிட்டது. இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணம் இல்லை, வகுப்பெடுத்தால் உதவித்தொகையும் வரும், ஐந்தாறு ஆண்டு ஆகும். டிசம்பரில் விண்ணப்பம் முடியும். வியன்னாவில் மத்திய ஐரோப்பியப் பல்கலையும் உண்டு. அது புடாபெஸ்ட்டில் இருந்தபோதுதான், 2018-ல், ஹங்கேரி அரசு பாலின ஆய்வு முதுகலைப் படிப்புக்கான அங்கீகாரத்தையே எடுத்துவிட்டது. அரசு மாறினால் இந்தத் துறையின் கதி என்ன ஆகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு நாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

தேன்சிட்டு:
நன்றி எல்லாருக்கும். அக்கா, காப்பகப் பெண்கள் வேண்டாம் என்றால் யாரிடம் பேசுவது? ஸ்டேஷனுக்குள் அனுமதி கிடைக்குமா?

கொள்ளிடக்கரை:
அனுமதிக்கு விண்ணப்பி, ஆனால் அதை மட்டும் நம்பி ஆய்வை வைக்காதே. இழுத்தடித்தால் ஆண்டு போய்விடும். முன்பே வந்து, இப்போது சொந்தக் காலில் நிற்கும் ஜோடிகளிடம் பேசு. உன்னிடம் அவர்களுக்கு எதுவும் ஆக வேண்டியதில்லை, அதனால் முடியாது என்றும் தைரியமாகச் சொல்வார்கள். ஆட்கொணர்வு மனுக்களில் வரும் உத்தரவுகள் உயர்நீதிமன்ற இணையதளத்திலேயே கிடைக்கும், 2021-க்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடு. அந்த வழக்குகளில் வாதாடிய வக்கீல்கள், ஓய்வுபெற்ற பெண் காவலர்கள், இவர்களிடம் போ. மகளிர் காவல் நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

இரண்டு பக்கத்தில் திட்டத்தை எழுதித் தனிச்செய்தியில் அனுப்பு. தமிழிலேயே எழுது, படித்துவிட்டுக் குறிப்பு போட்டுத் தருகிறேன்.