யூதர்கள் நோன்பிருந்து பாவமன்னிப்புக் கேட்கும் யோம் கிப்பூர் அன்று இஸ்ரேலில் இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரெஹோவோத் ஆய்வாளர்
வண்டி ஓட்டத் தடை, டிவி நிறுத்தம், பென் குரியன் விமான நிலையம் மூடல் எல்லாம் உங்களுக்கே தெரியும். என் மனசில் நிற்பது அதற்கு முந்தின மதியம். ஆய்வக மெஷின் நேரம் ஒதுக்குவதில் என்னிடம் எரிந்து விழுந்திருந்த சீனியர் ஒருவர், எல்லாரும் கிளம்பும் நேரத்தில் என் மேஜைக்கு வந்தார். "இந்த வருஷம் உன் மனம் நோகும்படி நடந்திருந்தால் மன்னித்துவிடு" என்றார். "அதெல்லாம் ஒன்றுமில்லை, விடுங்கள்" என்றேன், நம் வழக்கப்படி. அவர் நகரவில்லை. "ஒன்றுமில்லை என்று சொல்லாதே. மன்னித்தாயா, இல்லையா?"

கடவுளுக்குச் செய்த பிழைக்குத்தான் அந்த நாள் பரிகாரம். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதரைச் சமாதானப்படுத்தித்தான் தீர்க்க வேண்டும் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருப்பதை அப்புறம் படித்தேன். மன்னித்தேன் என்று சொன்ன பிறகுதான், அத்தனை மாதமும் கோபத்தை உள்ளே வைத்திருந்தது எனக்கே தெரிந்தது.

பராமரிப்பாளர், ரமத் கான்
நான் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குச் சர்க்கரை, இன்சுலின் உண்டு. நோன்பு கூடாது என்றார் டாக்டர். யூத மதகுரு ரபியும் அதையேதான் சொன்னார், உயிருக்கு ஆபத்தென்றால் சாப்பிடுவதுதான் கடமை என்று. பாட்டி அசையவில்லை. கடைசியில் ரபி ஒரு வழி சொன்னார்: ஒரு தடவைக்கு 30 மில்லிக்கும் குறைவாக, 9 நிமிடம் விட்டு விட்டுச் சாப்பிடலாம்.

உருளைக்கிழங்கை மசித்து மருந்துக் குவளையில் அளந்து வைத்தேன். பாட்டிக்கு வெள்ளை உடுப்பு, மடியில் பிரார்த்தனைப் புத்தகம், கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தில். நான் கரண்டியை நீட்டினால் கையைத் தள்ளிவிட்டு ஒற்றை விரலைக் காட்டுகிறார். இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறதாம்! அந்த விரல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

டெல் அவிவ் வாசி
ரெஹோவோத் நண்பரே, தடை என்று எழுதாதீர்கள். யோம் கிப்பூரில் சொந்தக் கார் ஓட்டக் கூடாதென்று இங்கே சட்டமே கிடையாது. யாரும் ஓட்டுவதில்லை, அவ்வளவுதான். அரபு ஊர்களில் அன்றைக்கும் வழக்கமான நாள்தான். ஜெப ஆலயத்தின் பக்கமே போகாத என் வீட்டு உரிமையாளர்கூட அன்று கார்ச் சாவியைத் தொடமாட்டார். சட்டம் போட்டு வாங்க முடியாத விஷயம் இது, அதனால்தான் சொல்கிறேன்.

நான் பார்த்தது: அயலோன் நெடுஞ்சாலையின் நட்டநடுவில், பக்கச் சக்கரம் வைத்த சைக்கிளில் ஒரு சின்னப் பெண். அப்பா பின்னாலேயே நடந்து வருகிறார், அவளை "ஓரமாப் போ" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஜெருசலேமில் இருந்தவர்
கடைசித் தொழுகை முடிந்து ஷோஃபார் கொம்பை ஊதியபோது உடம்பு சிலிர்த்தது. அதை விடுங்கள், புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். சாமான்களை முந்தின நாள் காலையிலேயே வாங்கிவிடுங்கள், மதியத்துக்குள் கடைகள் மூடிவிடும், பஸ்ஸும் நின்றுவிடும். அந்தத் தேதியில் விமானம் போடாதீர்கள். 101 ஆம்புலன்ஸ் எண் எப்போதும் வேலை செய்யும். சும்மா கூட இருந்து பார்க்கலாம் என்று நோன்பு இருப்பவர்கள் சில நாள் முன்பே காபியைக் குறைத்துவிடுங்கள், 25 மணி நேர நோன்பில் தலைவலி வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம், அன்று சைக்கிளில் விழுந்து அடிபடுகிறவர்கள் நிறைய. நோன்பு முடிந்த அதே ராத்திரி பக்கத்து வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டால் கோபப்படாதீர்கள், சுக்கோத் பண்டிகைக்குப் பந்தல் போட ஆரம்பித்திருப்பார்கள். பராமரிப்பாளர் சகோதரி, நீங்கள் முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி, பாட்டியின் பிள்ளைகளிடமும் காட்டியிருக்க வேண்டும். வேலைக்குப் பாதுகாப்பு முக்கியம்.

பராமரிப்பாளர், ரமத் கான்
டாக்டர் சீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருந்தது அண்ணா, பிள்ளைகளுக்கும் தெரியும். சீட்டைக் காட்டித் தட்டு நிறையச் சாப்பிட வைத்திருக்கலாம்தான். பாட்டிக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். இந்த வருஷமும் அதே அளவு, அதே கடிகாரம். உருளைக்கிழங்குக்குப் பதில் தயிர் வை என்று இப்போதே சொல்லிவிட்டார்.