ஏற்காடு, கொல்லிமலை, கோத்தகிரி, திம்பம்: சைக்கிளுக்கு எது முதல்ல?

திருப்பூர்_மிதிவண்டி:

வணக்கமுங்க. திருப்பூர்லருந்து நாங்க மூணு பேரு, தை பொறந்ததும் ஒரு மலைப்பாதை ஏறலாம்னு இருக்கோம். ரெண்டு ஹைப்ரிட் (பல்சக்கரத்துல பல்லு முன்னாடி 42-34-24, பின்னாடி 14-28, வி-பிரேக்), ஒரு ரோடு பைக் (50-34, 11-28, ரிம் பிரேக்). மூணு வண்டியிலயும் பிரேக் சக்கர ரிம்மைக் கவ்வற வகைதான். சமதளத்துல 80 கிலோமீட்டர் சிரமமில்லாம போவோம். தலைப்புல இருக்கற நாலுல எதுல ஆரம்பிக்கலாம்? திம்பத்துமேல ஆசை அதிகம். இன்னொரு நாள் நடந்து போற மாதிரி காட்டுவழி ஏதாச்சும் இருந்தாலும் சொல்லுங்க. துணைக்கு ஒரு ஸ்கூட்டர் பின்னாடியே வரும்.

கியர்கணக்கு:

ஏறுறதுக்கு நெஞ்சுரத்தை விட கியர்தான் முக்கியமுங்க. ரோடு பைக்ல உங்க கடைசி கியர் 34-க்கு 28. பெடல் ஒரு சுத்துக்கு வண்டி சுமார் 2.6 மீட்டர் நகரும். நிமிசத்துக்கு 70 சுத்துன்னா மணிக்கு 11 கிலோமீட்டர். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோன்னு வெச்சா, 6 சதவீத ஏத்தத்துல அந்த வேகத்துக்கு 170 வாட் கிட்ட வேணும். பழகாத காலுக்கு அது மணிக்கணக்கா ஓடாது. சுத்து 45-க்கு எறங்கும், முழங்கால்ல வலி புடிக்கும். ஹைப்ரிட்ல 24-க்கு 28 இருக்கறதால அதே 70 சுத்துல மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கும் குறைவாத்தான் போகும், 120 வாட்ல முடிஞ்சிரும். மலையில ஹைப்ரிட்காரங்கதான் நிம்மதியா ஏறுவாங்க.

ரோடு பைக்குக்கு 11-34 கேசட் (பின்சக்கரப் பல்லடுக்கு) போடுங்க. போடறதுக்கு முன்னாடி பின் டிரெய்லர் (செயினைப் பல்லு மாத்தி விடற கருவி) 34 பல்லைத் தாங்குமான்னு பாருங்க. குட்டைக் கூண்டு டிரெய்லர் நிறைய 28-லயோ 30-லயோ நின்னுரும். செயினும் நீளமா மாத்தணும். பழைய நீளத்துலயே விட்டுட்டு பெரிய பல்லுக்குப் பெரிய பல்லு தட்டுனா டிரெய்லர் பிச்சுக்கும்.

வரிசைன்னா ஏற்காடு முதல்ல. 20 கொண்டை ஊசி, அடிவாரத்துலருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம், ஏத்தம் ஒரே சீரா இருக்கும். ஞாயித்துக்கிழமை வேண்டாம், கார் கூட்டம். அடுத்தது கோத்தகிரி: மேட்டுப்பாளையத்துலருந்து 33 கிலோமீட்டர்ல ஏறத்தாழ 1,450 மீட்டர். சராசரி நாலரை சதவீதந்தான், ஆனா நீளம் ஆளைத் தின்னும், நாலு மணி நேரம் ஒதுக்குங்க. 1820-கள்ல கோவை கலெக்டர் சல்லிவன் சிறுமுகையிலருந்து பாதை போட்டு நீலகிரி ஏறுனதும் இந்தக் கோத்தகிரிப் பக்கந்தான். கொல்லிமலை அதுக்கப்புறம். காரணம் ஏத்தம் இல்லீங்க, எறக்கம்.

பண்ணாரிவழி:

திம்பத்தை மிதிவண்டிப் பட்டியல்லருந்தே எடுத்துருங்க. 27 வளைவு ஏறுற தெம்பு இருக்குதாங்கறது கேள்வியே இல்லை. அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள்ள போற தேசிய நெடுஞ்சாலை. வளைவுல ஒரு லாரி திரும்பறப்ப ரோடு முழுக்க அதுக்கே பத்தாது, உங்களுக்கு ஒதுங்க இடமில்லை, ஒதுங்குனாலும் அந்தப் பக்கம் காடு. சிறுத்தையும் யானையும் நடமாடற எடம். மோட்டார் வண்டிச் சத்தம் தூரத்துலயே யானைக்குக் கேக்கும், அது தயாராயிக்கும். சைக்கிள் சத்தமில்லாம திருப்பத்துல போயி முன்னால நின்னா மெரண்டு வெரட்டும், ஏத்தத்துல உங்களால தப்பிக்க முடியாது. பாக்கணும்னா பகல்ல பஸ்லயோ கார்லயோ போங்க. 2022 பிப்ரவரிலருந்து கோர்ட் உத்தரவுப்படி ராத்திரி 9 மணிலருந்து காலை 6 வரைக்கும் அந்தப் பாதை அடைப்பு.

கோத்தகிரி ரோட்டுலயும் குஞ்சப்பனை பக்கம் யானை உண்டு. வெளிச்சம் நல்லா வந்தப்புறம் ஏறி, மூணு மணிக்குள்ள கீழ வந்துருங்க. கொல்லிமலையில யானை கெடையாது, ஆனா குரங்கு உண்டு. தின்பண்டத்தை ஹேண்டில்ல தொங்க விடாதீங்க.

நடக்கறதுக்கு: தானா காட்டுக்குள்ள நுழையக்கூடாதுங்க. 2018 குரங்கணி தீக்கப்புறம் அரசு மலையேற்ற விதிகளைக் கொண்டாந்துச்சு, அனுமதியில்லாம போனா வழக்கு. வனத்துறையோட 'ட்ரெக் தமிழ்நாடு' 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சது, ஆன்லைன்ல பதிஞ்சா வழிகாட்டியோட கூட்டிட்டுப் போவாங்க. கோவை மாவட்டத்துல ஆழியாறு கால்வாய்க்கரை லேசானது, செம்புக்கரை–பெருமாள்முடி காலுக்கு வேலை வைக்கும். மாசி, பங்குனியில தீ பயத்துக்காக மூடிருவாங்க. தையிலயே போயிருங்க.

எறக்கம்:

கொல்லிமலை பத்தி. அடிவாரத்துல இருக்கற காரவள்ளியிலருந்து 70 வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நெம்பர் போட்டிருக்கும். வளைவு நெருக்கமா இருக்கறதால எறங்கறப்ப பிரேக்குக்கும் வெரலுக்கும் ஓய்வே கெடைக்காது. ரிம் பிரேக்கை விடாம புடிச்சுட்டே வந்தா ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். ஒட்டுப் போட்ட டியூபுன்னா சூட்டுல ஒட்டு வுட்டுரும். மலைக்குப் போறப்ப முன் சக்கரத்துக்காவது ஒட்டில்லாத டியூப் போடுங்க.

வளைவுக்கு 20, 30 மீட்டர் முன்னாடி நேர்ரோட்டுலயே ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் புடிச்சு வேகத்தைக் கொறைங்க, அப்புறம் முழுசா விட்டுருங்க, காத்துல ஆறட்டும். வளைவுக்குள்ள பிரேக் புடிச்சா, அதுவும் மணல் கெடக்கற எடத்துல, முன் சக்கரம் வழுக்கிரும். பிரேக் கட்டையில கோடு தேஞ்சிருந்தா கெளம்பறதுக்கு முன்னாடியே மாத்துங்க. லீவரை முழுசா அழுத்துனா ஹேண்டில்பாருக்கும் அதுக்கும் ரெண்டு வெரல் இடைவெளி நிக்கணும். அஞ்சு கிலோமீட்டருக்கு ஒருக்கா நின்னு கையை ஒதறுங்க. சூடு பாக்கறேன்னு ரிம்மைத் தொடாதீங்க, சுட்டுரும்.

ஏறுறப்ப ஒண்ணு: இடது பக்கம் திரும்பற வளைவுல நீங்க உள்வட்டத்துல இருப்பீங்க, அங்கதான் ஏத்தம் செங்குத்து. பத்து மீட்டர் முன்னாடியே கியரைக் கொறைச்சுருங்க, பாரத்துல மாத்துனா செயின் கழண்டுக்கும். மேலருந்து பஸ் வந்தா வளைவுக்குள்ள நுழையாதீங்க. ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும்னு விதி இருக்குது, ஆனா பஸ்ஸோட பின்பக்கம் எவ்வளவு வீசும்னு விதிப்புத்தகம் சொல்லாது.

திருப்பூர்_மிதிவண்டி:

நன்றிங்க, ஏற்காடுன்னு முடிவு பண்ணிட்டோம். ஸ்கூட்டர் எறங்கறப்ப எங்களுக்கு முன்னாடி வரட்டுமா, பின்னாடியா? தண்ணி எவ்வளவு?

எறக்கம்:

பின்னாடி, 50 மீட்டராவது தள்ளி. எறக்கத்துல கஷ்டப்படறது ஸ்கூட்டர்தான். கியர் வண்டிக்கு 'ஏறுன கியர்லயே எறங்கு'ம்பாங்க, எஞ்சினே புடிக்கும். ஸ்கூட்டர்ல ஆக்சிலேட்டரை விட்டு வேகம் கொறைஞ்சா கிளட்ச் கழண்டு வண்டி சும்மா உருளும், முழுப்பாரமும் பிரேக்குக்கு வந்துரும். டிரம் பிரேக்னா சூடேறி லீவர் புடிச்சும் நிக்காம நழுவும். அப்பப்ப ஆக்சிலேட்டரை லேசாக் குடுத்து கிளட்சைப் புடிக்க வெக்கணும். எஞ்சினை அணைச்சுட்டு எறங்கவே கூடாது. கருகுன வாடை வந்தா ஓரங்கட்டி கால் மணி நேரம் ஆறப் போடச் சொல்லுங்க. தண்ணி ஊத்தக்கூடாது.

கியர்கணக்கு:

தண்ணி ஆளுக்கு மணிக்கு முக்கா லிட்டர். ரெண்டு பாட்டில்ல ஒண்ணு ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழு லிட்டர்லதான் கலக்கணும், கெட்டியாக் கலக்குனா வயிறு கெடும். கடலை மிட்டாய் முக்கா மணிக்கு ஒருக்கா, பசி வர்றதுக்கு முன்னாடியே. மேல போனதும் நனைஞ்ச பனியனை மாத்திட்டு எறங்குங்க. தை மாசக் காத்துல கை வெறைச்சா பிரேக் லீவர் புடிக்க வராது.